குளிரும் வேண்டும், உறையவும் கூடாது

துலிப், டாஃபடில், ஹையசிந்த் மூன்றும் வெங்காயத்தைப் போலக் குமிழத்திலிருந்து முளைப்பவை. குரோக்கஸ் முளைப்பது, அதன் இனமான குங்குமப்பூவைப் போலவே, கந்தத்திலிருந்து. இலையுதிர் காலத்தில் ஊன்றினால் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து வசந்தத்தில் பூக்கும்.

துலிப்பின் பூர்விகம் நடு ஆசிய மலைச்சரிவுகள். கடுங்குளிரும் வறண்ட கோடையும் மாறிமாறி வரும் நிலம் அது. ஊன்றும்போதே குமிழத்துக்குள் மொட்டு உருவாகியிருக்கும். ஆனாலும் 12 முதல் 16 வாரக் குளிரைக் கடக்காமல் அது சரியாக மேலே வராது. அந்தக் குளிரில்தான் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாகிறது, தண்டு நீளவும் ஆயத்தமாகிறது. குளிர் போதாத துலிப் குட்டையாக நின்று, இலைகளுக்கு நடுவிலேயே மொட்டுக் கருகிவிடும். டாஃபடிலுக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஹையசிந்துக்குச் சற்றுக் குறைவு. ஏற்ற வெப்பநிலை 2 முதல் 9 டிகிரி செல்சியஸ்.

அடுக்குமாடி வீட்டில் அரிதாகக் கிடைப்பது இந்த இடைப்பட்ட குளிர்தான். கனடாவின் ஒட்டாவாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 டிகிரியைத் தொடுவது அபூர்வமல்ல. கதவுக்கு இந்தப் பக்கமோ 20 டிகிரிக்கு மேல். இரண்டாம் உலகப் போரில் தன் அரச குடும்பத்துக்கு அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக நெதர்லாந்து 1945இல் 1,00,000 துலிப் குமிழங்களை அனுப்பிய ஊர் இது. இன்றும் ஒவ்வொரு மே மாதமும் அங்கே பூங்காக்கள் துலிப்பால் நிறைகின்றன. தரையில் பனிப்போர்வையும் பூமியின் வெதுவெதுப்பும் வேர்களைக் காக்கும். அதே ஊர்ப் பால்கனித் தொட்டியில் குளிர் நாலா பக்கமும் தாக்கும். குமிழத்தைவிட வேரே முதலில் சாகும். தெற்குப் பார்த்த பால்கனி இன்னும் மோசம்: பகல் வெயிலில் மண் இளகி, இரவில் மீண்டும் உறையும்போது வேர் அறுபடும், மண்தொட்டி விரிசல்விடும்.

ஆகவே தொட்டியைச் சுவரோரம், நிழலான மூலையில், பலகைமேல் வைக்க வேண்டும். பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சருகு திணித்து மூடினால் சில நாள் பனியலையைத் தாங்கும். மாதக்கணக்கான உறைகுளிரைத் தாங்காது. சூடேற்றாத வண்டி நிறுத்தும் கூடமோ பொருள் அறையோ அதைவிட நல்லது.

இரண்டும் இல்லாதவர்களுக்கு நம்பகமான இடம் ஃபிரிட்ஜ். ஆனால் ஆப்பிளும் வாழைப்பழமும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு குமிழத்துக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பலருடைய துலிப் பூக்காமல் போவதற்கு இதுவே காரணம், அவர்கள் பழியைப் போடுவதோ குளிரின்மேல்.

அக்டோபரில் 15 செ.மீ. தொட்டியில் ஐந்தாறு துலிப் ஊன்றலாம். குமிழத்தின் தட்டையான பக்கம் வெளிப்புறம் பார்த்திருந்தால் முதல் இலை விளிம்பில் அழகாகச் சரியும். ஹையசிந்த் குமிழம் தோலில் அரிப்பு தரும், கையுறை தேவை. முதலில் நன்றாக நீர்விட வேண்டும். பிறகு மண் காயும் நிலையில் மட்டும் கொஞ்சம். ஈரம் தேங்கினால் குமிழம் அழுகும். பால்கனிக்கு அணில் வருமென்றால் மேலே கம்பிவலை போடுவது அவசியம். துலிப்பையும் குரோக்கஸையும் தோண்டித் தின்னும் அணில், நச்சுள்ள டாஃபடிலைத் தொடாது.

வாரக்கணக்கு முடிந்து, அடித்துளையில் வேரும் மேலே வெளிறிய முளையும் தெரிந்தால் தொட்டியை உள்ளே கொண்டுவரலாம். நேரே சூடான கூடத்துக்குப் போகக் கூடாது. சில நாள் 15 டிகிரி அளவுள்ள இடத்தில் இருந்து முளை பச்சையான பிறகே வெளிச்சமான ஜன்னலோரம். அடுத்த சில வாரங்களில் பூக்கும்.

பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளி, இலை தானாகப் பழுக்கும்வரை விட்டுவைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்ப்பது அந்த இலைதான். தொட்டித் துலிப் மறுபடி பூப்பது அரிது. டாஃபடிலைத் தரையில் ஊன்ற இடம் கிடைத்தால், ஓரிரு ஆண்டு இடைவெளிக்குப் பின் அது மீண்டும் பூக்கும்.