விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும் தனிமனித உரிமையும்

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை என்பது, ஆயுதமோ வெடிபொருளோ விமானத்துக்குள் செல்லாதபடி பயணிகளையும் அவர்களின் உடைமைகளையும் முன்கூட்டியே சோதிக்கும் முறையாகும். இந்தியாவில் இதற்கான விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் வகுக்கிறது. முக்கிய நிலையங்களில் சோதனை நடத்துவது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. குற்றம் எதுவும் செய்யாதவரின் உடலையும் பையையும் அரசு சோதிப்பதால், இது தனிமனித உரிமையையும் தொடுகிறது.

தோற்றம்

இன்றைய விதிகள் பலவும் உயிரிழப்புகளுக்குப் பின் வந்தவை. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே குண்டுவெடிப்பில் சிதறி 329 பேர் மாண்டனர். அந்தக் குண்டு இருந்த பெட்டியைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற விதியின் தேவை இதிலிருந்து விளங்கும். கனிஷ்கா விபத்தை அடுத்து 1987-இல் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லி வந்த விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, மாநிலக் காவல்துறையிடம் இருந்த சோதனைப் பணி படிப்படியாக மத்தியப் படைக்கு மாறியது.

உரிமைச் சிக்கல்கள்

2009-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், விலக்குப் பட்டியலில் இருந்தும், டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவன ஊழியர்களால் சோதிக்கப்பட்டார். கலாம் ஒத்துழைத்தார். செய்தி வெளியானதும் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

2020-இல் சென்னையில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்பு அதிகாரி வினவியதாகக் கனிமொழி எம்.பி. தெரிவித்தார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021-இல் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு சோதனையிலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதாக முறையிட்டார். படை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மனித மாண்பு கருதிச் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இவர்களுக்காகப் பேச நாடாளுமன்றமும் ஊடகமும் இருந்தன. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மதுரை அல்லது திருவனந்தபுரம் வழியாக முதன்முறை வளைகுடா வேலைக்குச் செல்பவருக்கு விதி மட்டுமே துணை. அவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதே சோதனை முறையின் உண்மையான அளவுகோல்.

சட்ட நிலை

அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அந்த உரிமையில் அரசு தலையிடச் சட்டத்தின் அடிப்படையும் நியாயமான நோக்கமும் வேண்டும். தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. வெடிபொருளைத் தேடுவது நியாயமான நோக்கம். பயணியின் மொழியைக் கேள்வி கேட்பது அந்த நோக்கத்தில் அடங்காது.

முக அடையாள முறை

2022 டிசம்பரில் தொடங்கிய டிஜி யாத்ரா, பயணியின் முகத்தையே அடையாளமாகக் கொண்டு நுழைவாயில்களில் அனுமதிக்கிறது. இது கட்டாயமன்று, விரும்பாதவர் அடையாள அட்டையைக் காட்டிச் செல்லலாம். இதில் சேர்ந்தாலும் உடல், பை சோதனைகள் உண்டு.

பயணிகள் அறிய வேண்டியவை

பெண்களைப் பெண் காவலரே மறைவிடத்தில் சோதிக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்பே சொல்லி, கையால் சோதிக்குமாறு கேட்கலாம். இவற்றைக் கேட்பது சோதனையை மறுப்பதாகாது.