கம்பைலர் நீக்கிய சோதனை

சாதாரணச் செயலி ஒன்று தவறிழைத்தால் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னல் அதை நிறுத்திவிட்டுக் கணினியைத் தொடர்ந்து இயக்கும். நினைவகத்தையும் வட்டையும் நேரடியாக ஆளும் கெர்னலே தவறிழைத்தால் அதற்கு மேல் கேட்பார் இல்லை. பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட லினக்ஸ் கெர்னலில், வேலையை முடிக்க இயலாத செயற்கூறு, நினைவகம் போதாவிட்டால் -12, தரப்பட்ட மதிப்பு செல்லாவிட்டால் -22 என்பதுபோல் ஓர் எதிர்ம எண்ணைத் திருப்பியனுப்புகிறது. அதைப் பார்க்காமல் விட்டாலும் சி மொழி தடுப்பதில்லை. ஆகவே முக்கியமான செயற்கூறுகளில், விடையைப் புறக்கணிப்போரை எச்சரிக்கும்படி, மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தொகுக்கும் கம்பைலருக்கு ஒரு குறிப்பு சேர்க்கப்படுகிறது.

அந்தக் கம்பைலரே பிழைச் சோதனையை அழித்துவிடுவதும் உண்டு. மெய்நிகர் வலையமைப்புக்கான ‘டன்’ என்னும் கெர்னல் டிரைவரில் 2009இல் அதுதான் வெளிப்பட்டது. நினைவக முகவரியைத் தாங்கும் மாறியான சுட்டி ஒன்றின் வழியே ஒரு வரியில் தரவைப் படித்துவிட்டு, அடுத்த வரியில் அச்சுட்டி வெற்றா, அதாவது பூச்சிய முகவரியைத் தாங்குகிறதா என்று சோதித்திருந்தார்கள். வெற்றுச் சுட்டியின் வழியே படித்தால் என்ன நேரும் என்பதைச் சி மொழியின் தரநிலை வரையறுக்காததால், அப்படி நேராது என்று கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. ஆகவே ஜிசிசி கம்பைலர், ஏற்கெனவே படிக்கப்பட்ட சுட்டி வெற்றாக இருக்க முடியாது என முடிவுகட்டி, சோதனையைத் தேவையற்றதென்று நீக்கிவிட்டது. தர்க்கத்தில் பிழையில்லை, மூலநிரலைப் படிப்பவர் கண்ணுக்கும் சோதனை அங்கேயே இருந்தது. ஆனால் பூச்சிய முகவரியில் தன் தரவை வைக்க முடிந்த பயனர் ஒருவரால், அந்த ஓட்டை வழியே கெர்னலின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. வரிகளின் வரிசை திருத்தப்பட்டது. இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்ற கட்டளையும் கெர்னலைத் தொகுக்கும் அமைப்பில் சேர்க்கப்பட்டது.

கம்பைலரின் எச்சரிக்கைகள் மிகுந்தாலும் தொல்லைதான். மதிப்பு இடப்படாத மாறி பயன்படுத்தப்படலாம் என்ற எச்சரிக்கை பலமுறை பொய்யாக எழுந்ததால், அதை அடக்குவதற்கென்றே கெர்னலில் ஒரு குறுக்குவழி இருந்தது. மெய்யான பிழைகளையும் அது மறைத்ததால் 2020இல் நீக்கப்பட்டது. 2021 செப்டம்பரில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், எச்சரிக்கை எதுவானாலும் தொகுப்பு நிற்க வேண்டும் என்பதையே இயல்பு நிலையாக்கினார். ஆனால் கம்பைலரின் பதிப்புக்கும் கணினியின் மையச் செயலக வகைக்கும் ஏற்ப எச்சரிக்கைகள் மாறுபடுவதால், ஓரிடத்தில் தடையின்றித் தொகுக்கப்பட்ட நிரல் வேறிடத்தில் நின்றுபோயிற்று. சில நாட்களிலேயே அந்த இயல்பு நிலை சோதனைத் தொகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.