ஸ்டாப்வாட்ச்சில் 10.5, எலக்ட்ரானிக்கில் 10.74: எது நிஜம்?

மாவட்டப் போட்டியில் 100 மீட்டரை 10.5 நொடியில் ஓடிய பையன், தேசியப் போட்டியில் 10.74 எடுத்தால் ‘ஃபார்ம் போச்சு’ என்பார்கள். மாறியது பெரும்பாலும் ஃபார்ம் இல்லை, வாட்ச்தான்.

துப்பாக்கிப் புகையைப் பார்த்துக் கை பட்டனை அழுத்துவதற்குள் ஒரு கணம் ஓடிவிடும். ஃபினிஷிலோ ஓடிவருபவர் முன்பே கண்ணில் படுவதால் அந்தத் தாமதம் இருக்காது. ஆக, நேரம் குறைவாகப் பதிவாகும். ஒப்பிடும்போது கையால் எடுத்த நேரத்தோடு 0.24 நொடி கூட்டுவது இதனால்தான். 1977 முதல் 100 மீட்டர் உலக சாதனைக்கு எலக்ட்ரானிக் நேரம் மட்டுமே செல்லும்.

காற்றும் முக்கியம். பின்னாலிருந்து நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் சாதனையாக ஏற்கமாட்டார்கள்.

கை நேரத்தையும் எலக்ட்ரானிக் நேரத்தையும் ஒரே செலக்‌ஷன் பட்டியலில் கலந்தால், உண்மையிலேயே வேகமானவர் வெளியே போகலாம். எனவே முதல் கேள்வி: நேரம் எடுத்தது கையா, கேமராவா?