மைதானத்துக்கு அனுப்பும் முன் கேளுங்கள்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படை (என்.சி.சி.) முகாம் என்ற பெயரில் மாணவிகள் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். முகாமை நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளித் தரப்பிலும் கைதுகள் நடந்தன. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. "உங்களை அனுப்பியது யார்?" என்று கேட்டு, என்.சி.சி. அலுவலகத்துக்கு யாராவது ஒரு போன் போட்டிருந்தால் அந்த முகாம் தொடங்கியே இருக்காது.

அதே மாவட்டத்தின் ஓசூரில் தடகளம், கபடி, வாலிபால், கால்பந்து என்று பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகள் ஏராளம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கும் பெற்றோரால் மைதானத்தில் கூடவே நிற்க முடியாது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு அகாடமிகளுக்குப் போகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் விளையாடட்டும், அது அவர்களுக்குத் தேவை. ஆனால் விசாரிக்காமல் சேர்க்காதீர்கள்.

சான்றிதழ் எதற்குச் செல்லும்?

உடற்கல்வி ஆசிரியர் வேலையை நினைத்து பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) படிப்பில் சேர்ப்பதாக இருந்தால், அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அந்தக் கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று என்.சி.டி.இ. இணையதளத்திலேயே பாருங்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக்கும் இதே விதிதான். தனியார் அகாடமி தரும் சில மாதச் சான்றிதழ் பி.பி.எட். பட்டத்துக்கு ஈடாகாது. பயிற்சியாளர் 'என்.ஐ.எஸ். கோச்' என்று சொன்னால், பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அகாடமியில் கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பணத் தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

களத்தில் எதைப் பார்ப்பது?

2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறிதலும் சங்கிலிக் குண்டு எறிதலும் ஒரே நேரத்தில், அருகருகே நடந்தன. ஈட்டி எடுக்கப் போன பள்ளி மாணவர் தலையில் குண்டு பட்டு, சில நாள் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார்.

அதனால் மைதானத்தில் அரைமணி நேரமாவது நின்று பாருங்கள். ஒரு எறிதல் நடக்கும்போது பக்கத்தில் வேறு எறிதல் நடக்கக் கூடாது. எல்லாரும் எறிந்து முடித்து விசில் ஊதிய பிறகுதான் ஈட்டியை எடுக்கப் போகவேண்டும். எடுத்ததைக் கையில் கொண்டுவர வேண்டும், திருப்பி எறியக் கூடாது. தடை ஓட்டத்தில், தடைச் சட்டத்தின் கால்கள் ஓடிவருபவரின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டால் சட்டம் முன்னால் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, பிள்ளை விழும். நீளம் தாண்டும் குழியில் மணலைக் கொத்திவிட்டிருக்கிறார்களா, முதலுதவிப் பெட்டி எங்கே என்றும் பாருங்கள்.

'காயம் பட்டால் நாங்கள் பொறுப்பில்லை' என்று எழுதி வாங்கினாலும், அலட்சியத்தால் நடந்த குற்றத்திலிருந்து அந்தக் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் (2012) இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும். பெயரோ அடையாளமோ வெளியே வரக் கூடாது.

எந்த வயதுப் பெண்ணுக்கும் பொருந்தும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) விளையாட்டு நிறுவனங்களையும் மைதானங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

சம்பவம் கர்நாடகத்தில் நடந்திருந்தாலும் ஓசூரிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆவது பிரிவுப்படி, "எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பள்ளி மாணவர்களுக்கு 14417 ஆகிய எண்களிலும் சொல்லலாம்.

நம் வாயை அடைப்பது பெரும்பாலும் ஒரே பயம்: "கேட்டால் பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள்." அந்தப் பயத்தோடு தனியாகப் போகவேண்டாம். ஒரே பயிற்சிக்கு வரும் ஐந்து பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஐந்து பிள்ளைகளையும் ஒரேநாளில் வெளியே அனுப்ப எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார். அப்படி அனுப்புகிறவரிடம் நம் பிள்ளை இருக்கவே வேண்டாம்.