ஒகேனக்கல், ஏற்காடுக்கு காரில் போறீங்களா? வாந்தி, தலைசுற்றலை தடுக்க எளிய வழிகள்

தர்மபுரி:-

தர்மபுரி மாவட்டத்தில் லீவு விட்டாலே ஒகேனக்கல், வத்தல்மலை, ஏற்காடு என்று குடும்பத்தோடு காரில் கிளம்பி விடுகிறார்கள். மலைப்பாதையில் நாலு வளைவு திரும்பியதும் பின்சீட்டில் இருந்து குரல் கேட்கும். "அப்பா, தலை சுத்துது... வாந்தி வருது."

பார்க்க சின்ன விஷயம்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதும், வளைவில் அவசரமாக காரை நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து. ஏற்காடு போகிறவர்கள் தாண்டும் தொப்பூர் கணவாயில் 2020-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு லாரி அடுத்தடுத்து வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் பலியானார்கள். அந்த மாதிரி இடத்தில் ஓரமாக நிற்பதும் பாதுகாப்பு இல்லை. ஒகேனக்கல் பாதையோ யானை நடமாடும் காடு. எனவே வாந்தி வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதே நல்லது.

ஏன் வருகிறது?

நம் காதுக்குள் உடம்பின் அசைவை கண்டுபிடிக்கும் உறுப்பு உள்ளது. கார் வளையும்போது "உடம்பு ஆடுது" என்று அது மூளைக்கு சொல்கிறது. செல்போனையோ, முன்சீட்டின் முதுகையோ பார்க்கும் கண் "எதுவும் அசையலை" என்கிறது. இந்த குழப்பத்தில்தான் குமட்டல், வியர்வை, வாந்தி வருகிறது. ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தும் டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து எந்த பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

2 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், ஒற்றை தலைவலி உள்ளவர்களுக்கு இது அதிகம்.

என்ன செய்யலாம்?

* வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். வயிறு முட்டவும் வேண்டாம். 2 இட்லி போதும். ஒகேனக்கலில் மீன் சாப்பாடு முடித்த கையோடு காரில் ஏறாமல், 1 மணி நேரமாவது கழித்து கிளம்புங்கள்.

* தொல்லை உள்ள பெரியவர்கள் முன்சீட்டில் உட்காரலாம். சிறுவர்களை பின்சீட்டின் நடுவில், ரோடு தெரியும்படி சீட் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். மடியில் வைத்து முன்சீட்டில் உட்கார வேண்டாம்.

* செல்போன், புத்தகம் கூடாது. தூரத்து மலையை பாருங்கள். தலையை சீட்டில் சாய்த்து ஆடாமல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாலும் நல்லது.

* கண்ணாடியை கொஞ்சம் இறக்கி காற்று வரவிடுங்கள். சென்ட், சிகரெட் வாடை ஆகாது. இஞ்சி மிட்டாய், எலுமிச்சை சிலருக்கு கைகொடுக்கும்.

* டிரைவர் வளைவுக்கு முன்பே வேகத்தை குறைக்க வேண்டும். சடன் பிரேக் கூடாது.

மாத்திரை போடலாமா?

புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளை கிளம்புவதற்கு அரை மணி முதல் 1 மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாக பலன் இருக்காது. இவை தூக்கம் வரவைக்கும். அதனால் வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. மதுவும் கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. பெரிய குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கு டாக்டரை கேட்டே கொடுங்கள்.

வந்தே விட்டால்?

கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கவர், தண்ணீர், துண்டு வைத்திருங்கள். கவரிலேயே வாந்தி எடுக்கட்டும். தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். கடை, பெட்ரோல் பங்க் போன்ற அகலமான இடம் வந்ததும் நிறுத்தி, கொஞ்ச தூரம் நடக்க விடுங்கள். தண்ணீரோ, உப்பு சர்க்கரை கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாக குடிக்கலாம்.

இறங்கிய பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றாலும், கடும் தலைவலி இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். வயதானவர்களுக்கு வாந்தியோடு நெஞ்சுவலியும் சேர்ந்து வந்தால் "மலை ஏறினதால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.