நல்ல காரியங்கள் தின்ற பூங்கா

சென்னையின் விக்டோரியா பொது அரங்கை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தார். இரண்டும் பூங்காக்களுக்குள் எழுந்தவை. திருவனந்தபுரத்தில் பூங்கா இன்றும் இருக்கிறது. சென்னையில் அரங்கு நிற்கிறது. பூங்காவில் ஓர் ஓரம்தான் மிச்சம்.

இத்தனைக்கும் இரண்டு பூங்காக்களும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் 1859 வாக்கில் உருவான சென்னை மக்கள் பூங்கா நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்திருந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் திருவனந்தபுரத்து அருங்காட்சியக, விலங்குக் காட்சிசாலை வளாகம் பிறந்தது.

சென்னைப் பூங்காவை யாரும் ஒரே நாளில் அழிக்கவில்லை. முதலில் மக்கள் கூட ஓர் அரங்கு வந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல், பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே ரிப்பன் மாளிகை கட்டி உள்ளே குடியேறிவிட்டது! பிறகு விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் நல்ல காரியம், எதை எதிர்த்திருப்பீர்கள்? பூங்காவுக்குள் இருந்த விலங்குக் காட்சிசாலையின் விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போயின. அதே ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த மனையில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. மீண்டும் புல்தரையாக்கலாம் என்ற யோசனைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

திருவனந்தபுரம் எப்படித் தப்பியது? மக்களின் மரப்பற்று ஒரு காரணம் என்பார்கள். எனக்கு விலங்குகள்தான் முக்கியக் காரணமாகப் படுகிறது. 55 ஏக்கர் வளாகத்தைக் கவனிக்க அருங்காட்சியகம், விலங்குக் காட்சிசாலைகளுக்கென்றே தனி அரசுத் துறை இருக்கிறது. வேலிக்குள் புலி இருக்கும்வரை அந்த மனையை யாரும் அலுவலகம் கட்டக் கேட்கமாட்டார்கள்.

2023 ஜூனில் அங்கிருந்து தப்பிய அனுமன் மந்தி ஒன்று, ஏறக்குறைய மூன்று வாரம் போக்குக் காட்டிவிட்டு, பாளையத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையக் கட்டடத்தில் பிடிபட்டது. நகரின் நடுவே மரத்துக்கு மரம் தாவ இன்னும் வழி இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் விலங்குகள் தரும் அந்தக் காவல் நிரந்தரமல்ல. திருச்சூரில் 1885இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைக்கு மாற்றாக நகருக்கு வெளியே புத்தூரில் பெரிய வளாகம் அமைத்துவிட்டார்கள். விலங்குகளுக்கு அது நல்லது. நெருக்கமான கூண்டைவிடக் காட்டுவெளி மேல் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. நாளை திருவனந்தபுரத்திலும் அப்படி நேர்ந்தால், காலியாகும் மனை யாருக்கு என்பதுதான் கேள்வி.

பக்கத்துக் கனகக்குன்னு அரண்மனை வளாகம் வேறு வகை நெருக்கடியைக் காட்டுகிறது. அங்கே நிசாகந்தி திறந்தவெளி அரங்கு, ஓணம் வாரக் கொண்டாட்டம், கண்காட்சிகள், கடைகள். விழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடலாம். ஆனால் கூட்டமும் வண்டிகளும் மிதித்து இறுகிய மண் மழைநீரை உள்ளே விடாது. வேர் மூச்சுத் திணறும். மரம் சாவது உடனே கண்ணில் படாது, சில ஆண்டுகள் பிடிக்கும்.

சட்டம் காக்குமா? தமிழ்நாட்டில் 1959இலேயே பூங்காக்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டியலிட்ட பூங்காவை அரசின் முன் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. அரசே மாற்ற நினைத்தால்? கதவு அங்கேதான் திறந்திருக்கிறது. கர்நாடகம் 1975இல் அரசுப் பூங்காக்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. பெங்களூரு கப்பன் பூங்காவுக்கான வழக்குகள் அதன் பிறகும் ஓயவில்லை.

எனவே திருவனந்தபுரம் இப்போதே செய்துகொள்ள வேண்டியவை இரண்டு. விலங்குகள் என்றாவது இடம்பெயர்ந்தால் அந்த மனை முழுவதும் தோட்டத்துக்கே சேரும் என்று எழுதிவைப்பது முதல் வேலை. அடுத்து, கனகக்குன்னில் ஆண்டுக்கு எத்தனை நாள் விழா, எந்த மரத்தடி வரை கடை என்ற எல்லையைத் தாவரவியலாளர்களைக் கேட்டு வரைவது.