சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: மரபணு தரும் முன்னறிவிப்பு



காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் நாம் ஷட்டரை இறக்குகிறோம். லோடு வரும் நேரம், கூட்ட நேரம் என்று சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுப் பழகிவிட்டோம். உடம்பு காட்டும் அறிகுறிகளையும் இப்படியே தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

என் அண்ணன் அரிசி மண்டி நடத்தியவர். ஒரு பொங்கல் வியாபாரத்தின்போது அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. ‘சூடு பிடித்திருக்கிறது’ என்று இளநீர் குடித்தார். மறுநாள் சரியாகிவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆடி மாதம் மறுபடி வந்தபோதுதான் டாக்டரிடம் போனார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய், தசை வரை இறங்கிவிட்டது என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் அதே நோய்தான். அவர் கட்டியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு சில நாளில் வீடு திரும்பினார். அண்ணனுக்கோ சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. “ஒரே நோய்தானே தம்பி, அவருக்கு ஏன் அப்படி, எனக்கு ஏன் இப்படி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இரண்டு வகை

இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது பையின் உள்சுவரோடு நிற்கிறது. மீதிப் பேருக்குத் தசைக்குள் புகுந்துவிடுகிறது. முதல் வகையில் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் கட்டியை எடுத்த பிறகும் பலருக்குத் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு மட்டும் அது குணம் மாறித் தசைக்குள் இறங்கும். யாருக்கு இறங்கும், யாருக்கு இறங்காது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் கேள்வி.

நம் கடன் நோட்டில் இருவர் பேரில் தலா 5,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை ஒன்றுதான். ஆனால் ஒருவர் தவணை கேட்டுக்கொண்டே இருந்தாலும் கொடுத்துவிடுவார். இன்னொருவர் ஒருநாள் காணாமல் போய்விடுவார். தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆளின் நடத்தையைப் பார்க்க வேண்டும். கட்டியின் அளவு என்பது பாக்கித் தொகை மாதிரி. அதன் நடத்தையைக் காட்டுபவை மரபணு அடையாளங்கள்.

ஓர் எழுத்துப் பிழை

மனிதப் புற்றுநோயை உண்டாக்கும் மரபணு முதன்முதலாகப் பிடிபட்டதே சிறுநீர்ப்பைப் புற்றுநோயில்தான். 1982இல் அமெரிக்காவில் ராபர்ட் வெயின்பெர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் மூன்று குழுக்கள் இதைக் கண்டன. ஹெச்-ராஸ் என்னும் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பில்லில் ஒரு புள்ளி இடம் மாறினால் கணக்கே தலைகீழாகிவிடுவது போன்றதுதான் இதுவும்.

பின்னர் வேறு சில அடையாளங்களும் தெரியவந்தன.

எஃப்.ஜி.எஃப்.ஆர்.3: இந்த மரபணுவின் மாற்றம் இந்நோயில் உண்டு என்பது 1999இல் வெளியாயிற்று. உள்சுவரோடு நிற்கும் சாதுவான கட்டிகளில் இதை அதிகம் காணலாம். இத்தகைய கட்டி திரும்ப வரலாம்; ஆழமாக இறங்குவது குறைவு. மேலே சொன்ன தவணை கேட்பவர் இவர்தான்.

டி.பி.53, ஆர்.பி.1: இவை செல் கட்டுமீறி வளராமல் தடுக்கும் பிரேக்குகள். இவை பழுதானால் கட்டி மூர்க்கமாகிறது. தசைக்குள் புகுந்த கட்டிகளில் இவற்றின் பழுது அதிகம்.

டெர்ட்: 2013இல் தெரியவந்த இம்மாற்றம் இருவகைக் கட்டிகளிலும் பெரும்பாலும் காணப்படுகிறது. ஆகவே கட்டியின் குணத்தைப் பிரித்தறிவதைவிட, சிறுநீரிலேயே நோயின் தடயத்தைத் தேட இது அதிகம் உதவும்.

2017இல் வெளியான புற்றுநோய் மரபணு அட்லஸ் ஆய்வு, தசைக்குள் புகுந்த 412 கட்டிகளை ஆராய்ந்து, மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து அவற்றை ஐந்து வகையாகப் பிரித்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தவை உள்ளே வேறுவேறாக இருந்தன. அண்ணனின் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. இன்னொரு பகுதி, அவர் வீணாக்கிய ஆறு மாதங்கள்.

சிகிச்சைக்கு என்ன பயன்?

சரிபார்த்து மருந்து கொடுக்க இந்த அடையாளங்கள் உதவுகின்றன. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மாற்றம் உள்ள, முற்றிய நோயாளிகளுக்கென எர்டாஃபிடினிப் என்ற மாத்திரைக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஈ.ஆர்.சி.சி.2 என்னும் பழுதுநீக்கும் மரபணு கட்டியில் கெட்டிருந்தால், சிஸ்பிளாட்டின் மருந்து நன்றாக வேலை செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டின. அறுவைக்குப் பிறகு இரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்குகள் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை 2021இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஒன்றை மறக்கக் கூடாது. இவை வாய்ப்பைச் சொல்பவையே தவிர, தலையெழுத்தைச் சொல்பவை அல்ல. நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பயாப்சியில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பவைதான் இன்றும் முதல் அளவுகோல். ஆகவே விளம்பரம் பார்த்து விலை உயர்ந்த மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. “இந்தச் சோதனையின் முடிவால் என் சிகிச்சை மாறுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். மாறும் என்றால் செய்துகொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியவை

இந்நோய்க்கு முதல் காரணம் புகையிலைப் புகை. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு அதுவே காரணம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. புகையின் நச்சு நுரையீரலிலிருந்து இரத்தத்திற்குப் போய், சிறுநீரகம் வடிகட்ட, சிறுநீர்ப்பையில் வந்து தேங்குகிறது. அந்த நச்சுகளில் சில சாயப்பட்டறை இரசாயனங்களிலும் உண்டு. சாயத் தொழிலாளர்களுக்கு இந்நோய் வருவதை ஜெர்மனி டாக்டர் லுட்விக் ரேன் 1895லேயே எடுத்துச் சொன்னார். விற்கும் பெட்டியிலிருந்தே ஒரு பீடியை எடுத்துப் பற்றவைக்கும் நம்மவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிறுநீரில் இரத்தம் ஒரே ஒருமுறை வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கல்லோ கிருமியோ காரணமாக இருக்கலாம். அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி ஆகியவற்றால் விடை கிடைத்துவிடும். ஆரம்ப நிலையில் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேவைப்படுவோருக்கு நம் குழந்தைகளுக்குப் போடும் அதே பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள். 1976இல் கனடாவில் மொராலஸ் என்ற டாக்டர் வெளியிட்ட முறை இது. சிகிச்சைக்குப் பிறகு சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போவதும் முக்கியம்.

அண்ணன் இன்று வயிற்றோரம் சிறுநீர்ப் பையுடன் காலையில் இரண்டு மணி நேரம் மண்டியில் உட்காருகிறார். மற்ற நேரம் மகன் பார்த்துக்கொள்கிறான். வருகிற வியாபாரிகளிடம் நெல் விலைக்கு முன் அவர் சொல்வது ஒன்றுதான்: “சிவப்பாகப் போனால் அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போய்க் காட்டு.”